பேப்பர் வருவதற்குள் பேசிய செட்

போன வாரம் உங்களில் ஒருவர் என் மேசை முன்னால் வந்து நின்றார். பம்மலில் நம்முடைய பேஜர் கோபுரம் எழும்பிவிட்டது, கருவிகளைப் பூட்டியாயிற்று, கரண்டும் வந்தாயிற்று. டெல்லியிலிருந்து இயக்க உரிமம் மட்டும் வரவில்லை. "மேடம், பேப்பர் எப்படியும் வந்துடப் போகுது. டெஸ்டிங்னு ஆன் பண்ணிப் பார்த்தா யாருக்கு என்ன போச்சு?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டதில்லை. கை பரபரக்கிறது, அவ்வளவுதான். அதே கை எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. போன் அடித்ததைச் சாக்காக வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதிவிடுகிறேன். அடுத்த மாதம் இந்த உரிமப் பிரிவு நாற்காலியைக் காலி செய்கிறேன். முப்பத்தைந்து வயதில் ஓய்வா என்று சிரிக்காதீர்கள். இத்தனை வருஷம் மூன்று பிரதி, நான்கு பிரதி என்று விண்ணப்பம் எழுதியவளுக்கு அது ஓய்வுதான். இன்டர்நெட் என்று ஒன்று வந்திருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். போவதற்கு முன் இந்த ஒரு கதையை மட்டும் உங்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

நான் இந்தத் தொழிலுக்குள் வந்தது எண்பதுகளின் நடுவில். மேற்குத் தாம்பரம், முடிச்சூர் சாலை. கீழே சைக்கிள் கடை, மாடியில் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் முதலாளி ஒருவர், அப்புறம் நான். அவர் விமானப்படையில் ரேடியோ பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, எதையாவது கழற்ற வேண்டும் என்ற ஆசையோடு மாடிப்படி ஏறியவள். ஒயர்லெஸ் செட் விற்பதும் அதற்கான உரிமத்தை வாடிக்கையாளருக்கு வாங்கித் தருவதும் எங்கள் வேலை. கல் குவாரி, தொழிற்சாலை, பெரிய பண்ணை, இப்படி ஆட்கள் வருவார்கள்.

இப்போது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அதற்குச் சில வருஷம் முன்புவரை வீட்டில் ரேடியோ கேட்பதற்கே லைசென்ஸ் வேண்டும். என் அப்பா வருஷா வருஷம் தபால் ஆபீசுக்குச் சிறு புத்தகம் ஒன்றைக் கொண்டுபோய் ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டு வருவார். கேட்பதற்கே அந்தக் கெடுபிடி என்றால், பேசுவதற்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். முதலில் விண்ணப்பம். பிறகு 'கொள்கையளவில் சம்மதம்' என்று ஒரு கடிதம் வரும். அதில் உத்தேசமாக ஓர் அலைவரிசை எண் இருக்கும். அதை வைத்துச் செட்டை வாங்கலாம், கிரிஸ்டலுக்கு ஆர்டர் கொடுக்கலாம். பேசக் கூடாது. அதற்குப் பிறகு அந்த எண்ணால் சுற்றுவட்டாரத்தில் வேறு யாருக்காவது இடைஞ்சல் வருமா என்று டெல்லியில் ஒவ்வொரு இலாகாவாகக் கேட்பார்கள். எல்லோரும் சரி என்றால் இயக்க உரிமம் வரும். ஒரு வருஷம் ஆகும், ஒன்றரையும் ஆகும்.

கிரிஸ்டல் என்றேனே, அது உங்களில் பலர் பார்த்திராத பொருள். சுண்டுவிரல் நகமளவு உலோகச் சிமிழ், அடியில் இரண்டு கம்பிக் கால். அந்தக் காலத்துச் செட் எந்த அலைவரிசையில் பேச வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். கிரிஸ்டல் இல்லாத செட் வெறும் டப்பா. எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. செட்டுகள் ஒரு அலமாரியில், கிரிஸ்டல்கள் இன்னொரு அலமாரியில், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு தீப்பெட்டியில். உரிமம் கைக்கு வந்த நாளில்தான் இரண்டு அலமாரியும் ஒன்றாகத் திறக்கும். முதலாளி அதை முகூர்த்தம் என்பார். யாராவது வந்து அவசரப்படுத்தினால், "பொண்ணு ரெடி, தாலியும் ரெடி. முகூர்த்த ஓலை வரட்டும் சார்" என்று சிரித்து அனுப்பிவிடுவார். இரண்டு சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும்.

அந்த வருஷம் அவர் டெல்லிக்குப் போனார். எங்கள் கோப்புகள் ஐந்தாறு ஒரே இடத்தில் நின்றுவிட்டன, நேரில் போய்ப் பார்த்தால்தான் நகரும் என்று. மூன்று வாரம் ஆகலாம் என்றார். சாவி இரண்டையும் என்னிடம் கொடுத்தார். அதை எதற்குக் கொடுக்கிறார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடையைப் பார்த்துக்கொள்ளத்தான்.

நின்றுபோன கோப்புகளில் ஒன்று ஓர் ஆஸ்பத்திரியுடையது. பெருங்களத்தூரில் ரயில்வே கேட்டைத் தாண்டி உள்ளே போக வேண்டும், சின்ன அறக்கட்டளை ஆஸ்பத்திரி. இரண்டு ஆம்புலன்ஸ். அவற்றுக்கு ஒவ்வொரு செட், ஆஸ்பத்திரியில் ஒரு செட், ஆக மூன்று. கொள்கையளவில் சம்மதம் வந்து, செட்டும் கிரிஸ்டலும் வந்து, ஒன்பது மாதமாக எங்கள் அலமாரிகளில் தனித்தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

முதலாளி ரயில் ஏறி நான்காம் நாள் அந்த ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் வந்தார். ஐம்பது வயது இருக்கும். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். மாடி ஏறி வந்து உட்கார்ந்து, தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முந்தின நாள் நடந்ததைச் சொன்னார். கூடுவாஞ்சேரியில் ஒரு நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு ஆம்புலன்ஸ் திரும்பிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் வண்டலூரிலிருந்து ஒரு பிரசவ வலி, ஆள் ஓடிவந்து கடைப் போனிலிருந்து ஆஸ்பத்திரிக்குச் சொல்லியிருக்கிறார்கள். வண்டி அந்தப் பெண்ணின் தெருமுனையைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. டிரைவருக்குத் தெரியாது, மற்ற வண்டியோ பழுதாகி ஒர்க்ஷாப்பில். கேட்டில் பத்து நிமிஷம் நின்று, ஆஸ்பத்திரிக்கு வந்து, விஷயம் தெரிந்து திரும்பியபோது மறுபடியும் கேட் போட்டிருந்தது. தாய் பிழைத்துக்கொண்டாள். குழந்தை தங்கவில்லை.

சிஸ்டர் அழவில்லை, திட்டவும் இல்லை. அலமாரியைப் பார்த்து, "எங்க செட் அதிலதானே இருக்கு, ஸ்டெல்லா?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"நான் எதுவும் சொல்லல. நீ படிச்ச பொண்ணு" என்று எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் நான் இரண்டு அலமாரியையும் திறந்தேன்.

உங்களிடம் பொய் சொல்லக் கூடாது. எனக்கு அப்போது பயமே இல்லை. உள்ளூர ஒரு துள்ளல்தான் இருந்தது. சம்மதக் கடிதம் இருக்கிறது, அலைவரிசை எண் இருக்கிறது, மிச்சமிருப்பது எங்கோ ஒரு குமாஸ்தாவின் முத்திரை. ஓர் உயிருக்கு முன்னால் அது என்ன? மறுநாள் காலை பத்து மணிக்கு மூன்று செட்டுக்கும் தாலி கட்டியாயிற்று. டிரைவர் தாஸுக்கு நானே சொல்லிக்கொடுத்தேன். மைக்கில் இருக்கும் பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம், இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது. தாஸ் ஒரு தடவை அழுத்தி, சிஸ்டரின் குரல் திரும்பி வந்ததும் மைக்கை நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்த பத்து நாள் அந்தச் செட்டுகள் வேலை செய்த அழகை என்ன சொல்வது! மண்ணிவாக்கம் பக்கம் பாம்பு கடித்த ஒரு ஆளை, அந்த வழியாகவே வந்துகொண்டிருந்த வண்டி ஆறு நிமிஷத்தில் ஏற்றிக்கொண்டது. அவர் பிழைத்து வீட்டுக்குப் போனார். சிஸ்டர் போன் செய்து அதைச் சொன்னபோது, டெல்லியில் காத்துக்கிடக்கும் முதலாளியை நினைத்து எனக்குப் பரிதாபமாகக் கூட இருந்தது.

கடையில் சோதனைக்கென்று ஒரு பழைய ரிசீவர் இருந்தது. கேட்க மட்டும் முடியும், பேச முடியாது. அதை ஆஸ்பத்திரி அலைவரிசையிலேயே வைத்து நாள் முழுக்க ஓடவிட்டேன். பெற்ற பிள்ளை விளையாடும் சத்தம் பக்கத்து அறையிலிருந்து கேட்கிற மாதிரி.

பதினோராம் நாள், மதியம் மூன்று மணி இருக்கும். ரிசீவரில் தாஸின் குரல் வந்தது. ஆனால் சிஸ்டரிடம் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வார்டு ஆளிடம், மச்சினிச்சி கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஸ்கூட்டர் கேட்கிறார்களாம். மைக் எங்கோ விழுந்து, பட்டன் எதிலோ அழுந்திக்கொண்டுவிட்டது என்று எனக்குப் புரிந்தது. சிரித்தேன்.

"அந்த இன்ஜினியர் பொண்ணு கீதே, அது ஸ்க்ரூ டிரைவரக் கூட சாமி படம் மாறி தொடச்சித் தொடச்சி வெக்கிது" என்றார் தாஸ்.

"நம்ம டாக்டர் கத்திரிக்கோல அப்புடி வெச்சா பரவால்ல" என்றார் மற்றவர்.

நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இதை வைத்து தாஸை ஒரு வாரம் ஓட்டலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டி அப்போது வண்டலூர்க் குன்றுப் பக்கம் வந்திருக்க வேண்டும். குரல் மங்கியது. இந்த வகை ரேடியோவில் ஒரு குணம் உண்டு. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் பேசினால், பலமானவன் குரல் மட்டும் கேட்கும், மற்றவன் அடியோடு மறைந்துபோவான். பலமானவன் மங்கும்போதுதான் அடியில் இன்னொருவன் இருப்பதே தெரியும்.

தாஸ் மங்கியபோது அடியிலிருந்து வேறொரு குரல் வந்தது. மூச்சு வாங்கிய குரல். "...பம்மல் ஃபீடர்... லைன் குடுக்காத... ஏழுமல மேல கீறான்... கேக்குதா... லைன்..." அதற்குள் தாஸ் மறுபடி பலமாகி, ஸ்கூட்டர் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் அலைவரிசையில் வேறு யாரோ இருக்கிறார்கள். மின்வாரிய ஆட்கள். ஒருவன் கம்பத்தின் மேல் இருக்கிறான், துணை மின்நிலையத்தில் சுவிட்சைப் போட வேண்டாம் என்று கீழே இருப்பவன் கத்துகிறான், அந்தக் கத்தலை மச்சினிச்சி கல்யாணம் அமுக்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எங்கேஜ்டு. கிடைத்தாலும் பயனில்லை என்று அடுத்த நொடி உறைத்தது. பட்டன் அழுந்தியிருக்கும்வரை தாஸுக்கு எதுவும் கேட்காது. நானே சொல்லிக்கொடுத்ததுதான். துணை மின்நிலையத்துக்குப் போன் எண் தெரியாது. பம்மலுக்கு ஓடுவதா, வண்டியைத் தேடி ஓடுவதா? வண்டி எங்கே என்று யாருக்குத் தெரியும்?

இந்த இடத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், ஓடாமல் நின்றதுதான். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மொபெட் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ரிசீவரையே பார்த்தபடி நின்றேன். சீக்கிரம் எதையாவது சொல்லுய்யா என்று வாய்விட்டுக் கெஞ்சியிருப்பேன் என்று நினைக்கிறேன். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். கல்யாண மண்டபம் வந்தது, சமையல்காரர் வந்தார். பிறகு தாஸ் சலித்துக்கொண்டார்: "போட்டான்யா கேட்ட. இனி பத்து நிமிசம் பேஜாரு."

பெருங்களத்தூர் கேட். என் மொபெட் வாசலில் நின்றது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் அன்றைக்கு நான் போனது போல் அதற்குப் பிறகு ஒருநாளும் போனதில்லை. லாரிக்காரன் ஒருவன் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னான். என் காதில் விழுந்ததெல்லாம் ஏழுமலை என்ற பெயர்தான். முகம் தெரியாத ஆள். எத்தனை பிள்ளைகள், தெரியாது. கேட்டில் பால் வேன், சைக்கிள்கள், ஒரு கட்டை வண்டி, அதற்கு நடுவில் ஆம்புலன்ஸ். கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. மொபெட்டை அப்படியே சாய்த்துவிட்டு முன்கதவைத் திறந்தேன்.

"இன்னா மேடம், இங்க வந்துகினு கீறீங்க?" என்றார் தாஸ்.

மைக் சீட்டுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் விழுந்து, மேலே ஒரு டிபன் கேரியர் உட்கார்ந்திருந்தது. கேரியரைத் தூக்கினேன். பட்டன் விடுபட்டு, ஒலிபெருக்கியில் அந்த இன்னொரு குரல் முழுசாக வந்தது. வயரைப் பிடுங்காமல், ஒரு நொடி கேட்டேன். "ஸ்டேஷன், ஸ்டேஷன், ஏழுமல இறங்கிட்டான், சீட்டக் குடுத்தனுப்பிட்டேன், சைக்கிள்ல வரான்" என்றது. பதிலுக்கு ஒரு குரல், "ம்... இப்பத்தான் கேக்குது. வரட்டும்" என்றது.

வண்டிப் படியில் உட்கார்ந்து தாஸிடம் சொன்னேன். அவருக்கு விஷயம் புரிந்ததும், ஸ்கூட்டர் கேட்ட மாப்பிள்ளையை விட்டுவிட்டு, தன் தலையில் தானே இரண்டு அடி போட்டுக்கொண்டார். அவர் தலையில் அடிக்க ஒன்றும் இல்லை. மைக் விழுவது எந்த வண்டியிலும் நடக்கும். அந்த எண்ணில் அந்த வண்டி பேசியிருக்கவே கூடாது என்பதுதான் விஷயம்.

செட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மற்ற இரண்டு செட்டையும் உடனே அணைக்கச் சொல்லித் தாஸை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, பம்மலுக்குப் போனேன். ஏன் போனேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஏழுமலை என்ற ஆளைக் கண்ணால் பார்க்காமல் வீட்டுக்குப் போக முடியாது என்று தோன்றியது.

துணை மின்நிலையத்து அறையில் ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்காரர், கண்ணாடி, சட்டைப்பையில் இரண்டு பேனா. எதிரே பெஞ்சில், வேர்த்து நனைந்த காக்கிச் சட்டையோடு ஒல்லியாக ஓர் ஆள் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் ஏழுமலை. நான் யார் என்று அவர்கள் கேட்கவில்லை. கரண்ட் எப்போது வரும் என்று கேட்க வந்த இன்னொருத்தி என்று நினைத்து, "வந்துடுச்சும்மா, அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்றார் ஆபரேட்டர்.

என்ன நடந்தது என்று கேட்டேன். சலிப்போடு சொன்னார். பம்மல் ஃபீடரில், அதாவது அந்த ஊருக்குப் போகும் மின்பாதையில், ஒரு வேலை. வேலைக்குப் போகும் ஆட்களுக்கு ஒரு சீட்டு கொடுப்பார்கள், அதில் ஓர் எண். வேலை முடிந்து ஆட்கள் இறங்கியதும் அந்த எண்ணை ஒயர்லெஸ்ஸில் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் இவர் சுவிட்சைப் போடுவார். மூன்று மணிக்கு முடியும் என்றது, மேலே கம்பியைத் தாங்கும் இன்னொரு பீங்கான் உடைந்திருந்ததால் நீண்டுவிட்டது. இவருக்கு அது தெரியாது. செட்டில் யாரோ மச்சினிச்சி கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றேகாலுக்குள் தோல் பட்டறைக்காரர்கள் நாலு பேர் போன் செய்துவிட்டார்கள். ஒருவர் நேரிலேயே வந்து, மூன்று மணி என்று எழுதிப் போட்டது நீங்கள்தானே என்று மேசையைத் தட்டியிருக்கிறார்.

"மூணு மணிக்கு முடிஞ்சிருக்கும்னு எனக்கும் தோணுச்சு" என்றார். "தோணுதுன்னு சுவிட்சத் தொட முடியுமா? நம்பர் காதுல விழல. விழலன்னா சீட்டு கைக்கு வரணும். வரல. அவ்ளோதான்."

அவ்வளவுதான். வேறு சாகசம் எதுவும் இல்லை. ஒரு துண்டுக் காகிதம் கைக்கு வரவில்லை என்பதற்காக ஒரு மனிதர் திட்டு வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அதனால் ஏழுமலை பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால்? நான்தான் சுறுசுறுப்பான ஆளாயிற்றே. எப்படியும் முடிந்திருக்கும் என்று போட்டிருப்பேன்.

பிறகு அவர் சொன்னது என்னை இன்னும் கீழே தள்ளியது. அந்த அலைவரிசை அவர்களுக்குக் கிடைத்து மூன்று மாதம்தான் ஆகிறதாம், கிரிஸ்டல் வந்து செட் பேச ஆரம்பித்தது அன்று காலையில்தானாம். மிச்சத்தைப் பிறகு முதலாளி சொல்லித் தெரிந்துகொண்டேன்: எங்களுடைய கொள்கையளவு எண்ணைப் பற்றி டெல்லியில் ஒவ்வொரு இலாகாவாகக் கேட்டுக்கொண்டு வந்ததில், இவர்களுக்கு இது தேவைப்படுகிறது என்று தெரிந்து, இவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு வேறு எண் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் குமாஸ்தாவின் முத்திரை என்று நினைத்த அந்த மாதங்களில் நடந்தது இது. கோப்பு சில வாரம் சும்மா தூங்கியதும் உண்டு, அதை மறைக்கவில்லை. எந்த வாரம் தூங்கியது, எந்த வாரம் விழித்திருந்தது என்று தாம்பரத்து மாடியிலிருந்து எனக்குத் தெரியாது. அதுதான் சங்கதி.

"ஏதோ கடத்தல் செட்டு போல. ஒயர்லெஸ் கண்காணிப்பு நிலையத்துக்கு எழுதிப் போடணும்" என்றார் ஆபரேட்டர். "இங்கிலீஷ்ல எழுதணும். அதான் யோசிக்கிறேன்."

அந்த நேரத்தில் எழுந்து, வரேன் சார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரியாது. செட்டைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்து, கிரிஸ்டலைத் தீப்பெட்டியில் போட்டால் முடிந்தது. சொன்னால் முதலாளியின் விற்பனை உரிமம் போகலாம். அவருக்கு அது ஒன்றுதான் பிழைப்பு. ஆஸ்பத்திரியின் விண்ணப்பத்தையே தள்ளிவிடலாம். இவ்வளவும் மனதில் ஓடியது. எதிரே ஏழுமலை டீ கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

பையைத் திறந்து செட்டை மேசைமேல் வைத்தேன். "என்னுதுதான் சார்" என்றேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன்.

ஆபரேட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏழுமலைதான் முதலில் வாயைத் திறந்தார். "ஆம்புலன்சுன்றியே, உள்ள ஆள் இருந்திச்சாம்மா அப்ப?"

இல்லை, காலியாகத்தான் வந்தது என்றேன்.

"தோ, அந்த மட்டும் தேவல" என்றார். பிறகு, "எனுக்கு மட்டும் ஒண்ணு ஆயிருந்தா, அதே வண்டிதான் வந்திருக்கும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

ஆபரேட்டர் ஒரு வெள்ளைத் தாளையும் தன் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "நீங்க படிச்சவங்க. நீங்களே எழுதிக் குடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். கேலி இல்லை. அவருக்கு நிஜமாகவே எழுத ஆள் வேண்டியிருந்தது.

அப்படித்தான் என் மேல் ஒரு புகாரை நானே நல்ல ஆங்கிலத்தில், பத்தி பிரித்து, நேரம் குறித்து எழுதினேன். உரிமம் இல்லாமல் இயக்கியவர் என்ற இடத்தில் என் பெயரையும் கடை முகவரியையும் எழுதினேன். ஒரு பிரதி எடுத்து மடித்துக்கொண்டேன்.

முதலாளி அடுத்த வாரம் வந்தார், கையில் ஆஸ்பத்திரியின் உரிமத்தோடு. வேறு எண். மேசைமேல் பிரதியை வைத்தேன். நின்றபடியே படித்தார். "இங்கிலீஷ் நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு சட்டையைக் கூட மாற்றாமல் என்னையும் அழைத்துக்கொண்டு கண்காணிப்பு நிலையத்துக்குக் கிளம்பினார். பஸ்ஸில் இரண்டு டிக்கெட்டையும் அவரே எடுத்தார்.

அங்கே இருந்த அதிகாரி புகாரைப் படித்து, எழுதியது யார் என்று கேட்டார். நான் என்றேன். யார் மேல் என்றார். என் மேல் என்றேன். தாளைத் திருப்பிப் பார்த்தார், வேறு ஏதாவது இருக்குமோ என்று. எங்கள் விற்பனை உரிமம் ஆறு மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆஸ்பத்திரியின் உரிமத்தில் கை வைக்கவில்லை. ஆனால் புது எண்ணுக்குக் கிரிஸ்டல் வர இன்னும் மூன்று மாதம் ஆகும் என்று தெரிந்ததும் சிஸ்டரின் முகம் என் கண்முன் வந்தது. அதை அதிகாரியிடம் சொன்னேன், குழந்தையைப் பற்றியும் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். "உயிர் காக்கிற காரியம்னு அன்னைக்கே எழுதியிருந்தா, யாரும் இல்லாத ஒரு எண்ணைத் தற்காலிகமா குடுத்திருப்போமே. நீங்க கேக்கவே இல்லையேம்மா" என்றார்.

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அதைவிடப் பலமாக அறைந்ததில்லை. கேட்டால் இழுத்தடிப்பார்கள் என்று நானே முடிவு செய்து, கேட்காமலே இருந்துவிட்டேன். அன்றைக்கே அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். ஒன்பதாம் நாள் தற்காலிக அனுமதி வந்தது. அந்த எண்ணுக்குப் பொருந்தும் கிரிஸ்டல்களை முதலாளி பழைய நண்பர்களிடம் அலைந்து திரிந்து தேடிக் கொண்டுவந்தார். இந்தத் தடவை சிஸ்டர் முன்னால் அவரே பூட்டினார். தாஸ் மைக்கை வைக்க டாஷ்போர்டில் ஒரு கொக்கி அடித்திருந்தார், டிபன் கேரியருக்குப் பின்சீட்டு.

பாம்பு கடித்த ஆள் பிழைத்தது என் தப்பால்தான், அதையும் மறைக்கவில்லை. ஏழுமலை பிழைத்தது என் தயவால் இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்துக் கூட்டிக் கழிக்க நான் பலமுறை முயன்று, விட்டுவிட்டேன். ஆனால் பிறகு எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும், அந்த எண்ணின் அடியில் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு பேசுவது எனக்குக் கேட்கும்.

எனவே, போன வாரம் கேட்டவருக்கு: பம்மல் கோபுரத்தை ஆன் செய்தால் யாருக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. டெல்லியில் ஒவ்வொரு இலாகாவாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சீக்கிரம் கேட்கச் சொல்லி நானும் இன்று காலை ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன், பிரதி கோப்பில் இருக்கிறது. அடுத்த கடிதம் நீங்கள் எழுத வேண்டியது.

ஆஸ்பத்திரிக்கு வாங்கிய அந்தப் பழைய கிரிஸ்டல்களில் ஒரு ஜோடியை, கம்பிக் கால்களை வெட்டிவிட்டு அதிகாரி எங்களிடமே திருப்பிக் கொடுத்தார். முதலாளி அதை எனக்குக் கொடுத்தார். என் மேசையின் வலப்பக்க இழுப்பறையில், அதே தீப்பெட்டியில் இருக்கிறது. பம்மல் கோபுரத்தின் சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியையும் அந்தத் தீப்பெட்டிக்குள்தான் வைத்திருக்கிறேன்.

இழுப்பறைக்குப் பூட்டு இல்லை.